பற்றரிக்கு வைத்த பொட்டு

கார்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. லண்டனுக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து ஓய்வு எடுக்கும்வரை நான் பெற்றோல் நிலையங்களில்தான் வேலை செய்தேன். கண்ணாடிக்குப் பின்னால் நின்று காசு வாங்கினேன், சிகரெட் எடுத்துக் கொடுத்தேன், கழிவறைத் திறப்பைக் கேட்டவர்களுக்கு அதையும் கொடுத்தேன். எத்தனையோ கார்கள் வந்து போயின. ஒன்றின் பொனற்றையும் நான் திறந்து பார்த்தது கிடையாது. இறைச்சிக்கடையில் கல்லாவில் இருப்பவனிடம் ஆட்டுக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று கேட்டால் அவன் என்ன சொல்லுவான்? என் நிலைமை அதுதான். ஆனால் எங்கள் ஆட்கள் விடுவார்களா? “அண்ணை பெற்றோல் செட்டில நிண்டவர், அவரைக் கேளுங்கோ” என்று கல்யாண வீட்டில்கூட யாராவது வந்து எஞ்சின் சத்தத்தை வாயாலே செய்து காட்டுவார்கள்.

என் மனைவிக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. நானும் அதைக் கெடுக்கவில்லை. மனைவிக்கு முன்னால் ‘தெரியாது’ என்று சொல்லுகிற பழக்கம் எங்கள் ஆண்களுக்கு எங்கே இருக்கிறது?

இப்போது வைத்திருக்கும் இந்தச் சாம்பல் நிறக் காரை வாங்கிய கையோடு வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோனோம். வழக்கம்போல் சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசித்தார்கள். ஐயர் பொனற்றின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தார். திரும்பி வரும்போது மழை. ரெய்னர்ஸ் லேனுக்கு வந்து சேர்வதற்குள் பொட்டு இருந்த இடமே தெரியவில்லை. வீட்டு வாசலில் இறங்கி நின்று, ஏதோ பறிகொடுத்தவள் மாதிரி அவள் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெளியில வைச்சா இந்த நாட்டு மழைக்கு நிக்காது. உள்ளுக்கு வைப்பம். இஞ்சாருங்கோ, இதுக்குள்ள எது முக்கியம்?” என்றாள்.

பொனற்றைத் திறக்கும் கைபிடி எங்கே இருக்கிறது என்று தேடவே எனக்குக் கனநேரம் எடுத்தது. திறந்து பார்த்தால் குழாய்களும் வயர்களும் கறுப்புப் பெட்டிகளுமாக ஒரே காடு. அதில் எனக்குப் பெயர் தெரிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். அதன்மேல் பெயர் எழுதியிருந்தது. “இதுதான் பற்றரி. இது நிண்டா எல்லாம் நிண்டிடும்” என்று பெரிய மனுசன் மாதிரிச் சொன்னேன்.

அவள் குனிந்து பார்த்தாள். பற்றரியின் மேல் இரண்டு ஈயக் குமிழ்கள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு உலோக வளையம் இறுக்கி, அதிலிருந்து தடித்த வயர் போனது. குமிழ்கள் இரண்டும் அவளுக்குப் பிடித்துக்கொண்டன. பொட்டு வைக்கவென்றே செய்து வைத்த மாதிரி இருக்கிறது என்றாள். இரண்டுக்கும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்து, மேலிருந்த பிளாஸ்ரிக் மூடியைப் பதமாகச் சாத்தினாள். நான் பொனற்றை இறக்கினேன். அந்தக் காரியம் அன்றைக்கே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

முதலில் விஜயதசமிக்கும் வருடப்பிறப்புக்கும் மட்டும் வைத்தாள். பிறகு அவளுக்கு நுரையீரலில் வருத்தம் வந்தது. மூச்சு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு போகிற வருத்தம். மாற்ற மருந்தில்லை, தள்ளிப் போடத்தான் மருந்து. கிளினிக், ஸ்கேன், மறுபடி கிளினிக் என்று எங்கள் சீவியம் அந்தக் காருக்குள் ஓடத் தொடங்கியது. அதன்பிறகு அவள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பொட்டு வைத்தாள். விளக்கேற்றிய பிறகு, வீட்டு உடுப்புக்கு மேல் என் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, சந்தனக் கிண்ணத்தோடு வாசலுக்கு வருவாள். நாலு அடி நடந்தாலே நின்று மூச்சு வாங்கவேண்டிய காலம் அது. அப்போதும் வருவாள்.

“என்ன, கார் பொம்பிளை பாக்கப் போகுதோ, இந்த அலங்காரம்?” என்று நான் பகிடி விடுவேன்.

“நீங்கள் பேசாமல் பொனற்றைப் பிடியுங்கோ. இதுதானே என்னைக் கொண்டுபோய்க் கொண்டுவாறது. டொக்டரோ கொண்டுவாறார்?” என்பாள்.

எனக்குச் சாமி நம்பிக்கை பெரிதாக இல்லை. கோயிலுக்குப் போனால் செருப்பு வைத்த இடத்தைத்தான் அதிகம் யோசிப்பேன். ஆனால் அவள் அப்படிக் குனிந்து, மூச்சை அடக்கி, மோதிர விரலால் அந்தச் சின்னக் குமிழில் வட்டமாகப் பொட்டு வைக்கும்போது நான் ஒருநாளும் பொனற்றை அசைத்ததில்லை. அந்த அளவுக்கு எனக்கும் மரியாதை தெரியும்.

போன மாரியில் அவளை ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள். வாரக்கணக்கில் இருந்தாள். ஆஸ்பத்திரியில் கார் விட இடம் பிடிப்பது பெரும்பாடு என்று நான் பஸ்ஸில் போய் வந்தேன். கார் வாசலில் மழையிலும் ஈரத்திலும் நின்றது. ஆனால் வெள்ளி வந்தால் வார்டிலிருந்து போன் வரும். “பொட்டு வைச்சாச்சோ?” என்பாள். ஒக்சிஜன் முகமூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்பதற்காகவே எடுப்பாள். ஓம் என்று சும்மா சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. நானே சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு போய், அவள் வைத்ததின் மேல் தண்ணீரும் சந்தனமுமாக அப்பி, குங்குமத்தைக் கொட்டி, மூடியை அமத்திவிட்டு வருவேன். தண்ணீர் வழிந்து வளையத்துக்குள் இறங்கும். எனக்கென்ன தெரியும்? கடமையைச் செய்துவிட்ட நிம்மதியோடு பஸ்ஸுக்கு ஓடுவேன்.

பிறகு ஒருநாள் டொக்டர் எங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு, இனித் தங்களால் செய்ய ஒன்றுமில்லை, விரும்பினால் வீட்டுக்குப் போகலாம் என்றார். ‘வீட்டுக்குப் போகலாம்’ என்பதற்கு அந்த இடத்தில் என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் விளங்கியது. நான் டொக்டரின் சப்பாத்தைப் பார்த்தேன். அவள் மட்டும், “எப்ப போகலாம்?” என்று உடனே கேட்டாள். முகத்தில் சந்தோசம். அவளுக்கு இனி வேண்டியிருந்தது அது ஒன்றுதான். எங்கள் முன்னறையில், சாமிப்படம் தெரிகிற பக்கமாக, தன்னுடைய தலையணையில் படுத்துக் கண்ணை மூடவேண்டும். அவள் ஆசைப்பட்டு என்னிடம் கேட்டவை இந்த நாட்டில் மிகக் கொஞ்சம். இதையாவது செய்து கொடுக்கவேண்டும் என்று நான் நினைத்தேன். எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. செய்தால் நான்தான் செய்யவேண்டும்.

கட்டிலும் ஒக்சிஜன் மெஷினும் வீட்டுக்கு வந்து இறங்கின. வெள்ளிக்கிழமை என்று தீர்மானமாயிற்று. காலையில் மூச்சு நிதானமாக இருந்தால் மதியத்துக்கு முன் கூட்டிக்கொண்டு போங்கள், அதற்குமேல் உறுதி சொல்ல முடியாது என்றார்கள். ஆஸ்பத்திரி வாகனத்தை ஒழுங்கு செய்யப் பார்த்தார்கள். அவள் மறுத்துவிட்டாள்.

“ஸ்ரெச்சரில கிடந்துகொண்டு வந்து இறங்கமாட்டன். ரோட்டில ஆக்கள் பாத்துக்கொண்டு நிப்பினம். நான் எங்கட காரில முன்சீற்றில இருந்து வாறன்” என்றாள். சின்ன ஒக்சிஜன் சிலிண்டர் ஒன்றைத் தந்து, சரி, உங்கள் காரிலேயே போங்கள் என்றார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை விடியவே எழும்பினேன். முன்னறையில் ஹீற்றரைப் போட்டு, கட்டிலுக்குப் புது விரிப்பு விரித்து, விளக்கை மினுக்கி வைத்தேன். அவளுடைய தலையணையைக் கொண்டுபோய்க் காரின் முன்சீற்றில் சாத்தினேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது. மேகம் கூரைக்கு மேலே வந்து குந்தியிருந்தது. உள்ளே ஏறிச் சாவித் துளைக்குள் திறப்பைப் போட்டுத் திருப்பினேன்.

‘டிக்’ என்றது. அவ்வளவுதான்.

மறுபடி திருப்பினேன். மறுபடி ‘டிக்’. சுத்தமான, சின்னச் சத்தம். நாக்கால் அண்ணத்தில் தட்டி ‘இல்லை’ என்று ஒருவர் சொல்லுவாரே, அப்படி. முன்னால் எல்லா லைட்டும் பளிச்சென்று எரிந்தன. திறப்பைத் திருப்பிய கணத்தில் எல்லாம் செத்து, விட்டதும் திரும்ப எரிந்தன. எஞ்சின் அசையவில்லை. திருப்பிக்கொண்டே இருந்தேன். ஸ்ரியறிங்கில் அடித்தேன். தூசணத்தாலும் பேசினேன். அதற்கெல்லாம் பதில் அதே ‘டிக்’தான்.

வழியில் நின்ற கார்களுக்கு உதவி செய்கிற ஒரு கம்பெனிக்குப் போன் அடித்தேன். பின்னேரம்தான் ஆள் வரும் என்றார்கள். வைத்த கையோடு போன் அடித்தது. அவள்.

“வெளிக்கிட்டாச்சோ?”

“கார் கொஞ்சம் கரைச்சல் குடுக்குது. ஸ்ராட் வருதில்லை. நான் ஒரு கப் பிடிச்சுக்கொண்டு வரட்டோ?”

“வாடகைக் காரில வீட்டை வாறதோ? விசிற்றர் மாதிரி?” நடுவில் நின்று மூச்சு எடுத்தாள். “அது எடுக்கும். பொட்டு இருக்குத்தானே. ஆறுதலாப் பாருங்கோ. நான் உடுத்திட்டன். சப்பாத்தும் போட்டிட்டன்.”

சப்பாத்தும் போட்டுவிட்டாளாம். அந்த வார்டில் அவள் வாரக்கணக்கில் சப்பாத்துப் போடவில்லை. யாரோ தாதி குனிந்து போட்டுவிட்டிருக்கவேண்டும்.

இரண்டு வீடு தள்ளி ஒரு தம்பி இருக்கிறார். ஜேர்மனியில் நெடுங்காலம் இருந்து, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று குடும்பத்தோடு லண்டனுக்கு மாறியவர். குளியலறைகளுக்கு ரைல்ஸ் பதிக்கிற வேலை. இங்கே வந்து எத்தனை வருடமானாலும், அவருக்கு எல்லாம் ஜேர்மனியோடு ஒப்பிட்டால்தான் மனம் ஆறும். சாப்பிடுகிற பாண் அங்கேதான் நல்லது, ரோட்டு அங்கேதான் நல்லது, குப்பை அள்ளுகிறவர்கள்கூட அங்கேதான் நேரத்துக்கு வருவார்கள். நான் வழக்கமாக அவரைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போய்விடுவேன். அன்றைக்கு அவருடைய வாசல் மணியை விடாமல் அடித்தேன். மழைக்கு வேலைக்குப் போகாமல் நின்றிருந்தார். விசயத்தைச் சொன்னதும் ஒரு கேள்வியும் கேட்காமல் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வந்தார்.

“என்ர வானில அக்காவை ஏத்துவமோ?” என்றுதான் முதலில் கேட்டார். ரைல்ஸ் ஏற்றுகிற அவருடைய வான் உயரம். உள்ளே சீமெந்துப் பைகளும் தூசும். மூச்சு வாங்குகிற பெண்ணை அதில் எப்படி ஏற்றுவது? அவரே தலையை ஆட்டிவிட்டு என் காரைப் பார்க்க வந்தார்.

“லைட்டைப் போடுங்கோ அண்ணை.”

போட்டேன். நன்றாக எரிந்தது.

“அப்ப பற்றரி நல்லாயிருக்கு. இது ஸ்ராட்டர் மோட்டர். இறுகிப்போட்டுது. ஜேர்மனியில என்ர காரும் இப்பிடித்தான் ஒருக்கா நிண்டது. ஒரு தட்டுத் தட்டினா எடுக்கும்.”

நனைந்த ரோட்டில் அட்டைப்பெட்டி ஒன்றை விரித்துக் காருக்குக் கீழே தவழ்ந்து போனார். சுத்தியல் பிடியால் எதையோ ‘டொக் டொக்’ என்று தட்டினார். “இப்ப திருப்புங்கோ!” திருப்பினேன். ‘டிக்’. இன்னும் பலமாகத் தட்டினார். ‘டிக்’. வெளியே வந்தபோது முதுகு முழுக்கச் சேறு. ஓட்டோமாற்றிக் கார் என்றபடியால் தள்ளி ஸ்ராட் செய்யவும் வழியில்லை. வானைக் கொண்டுவந்து முன்னுக்கு முன் விட்டு, இரண்டு பற்றரிக்கும் வயர் கொழுவி, வானின் பலத்தில் எடுத்துப் பார்ப்போம் என்றார். கொழுவினார். வான் உறுமியது. என் கார் ‘டிக்’ என்றது.

போன் மறுபடி அடித்தது. இந்தமுறை அவள் அதிகம் பேசவில்லை. “சரிவருதோ?” என்று மட்டும் கேட்டாள். குரலில் முகமூடியின் சத்தம் கலந்திருந்தது. “இந்தா, முடியுது. இப்ப வாறன். நீர் பயப்பிடாதையும்” என்றேன். அவள் பயப்படவில்லை. நான்தான் பயந்துகொண்டிருந்தேன். மதியம் என்று டொக்டர் கிழித்த கோடு கிட்ட வந்துகொண்டிருந்தது.

வயரைக் கழற்றப் போன தம்பி, “ஆ!” என்று கையை இழுத்தார்.

“அண்ணை, இந்த இடம் நல்லாச் சுடுது. சுடக்கூடாது.” குனிந்து பார்த்தார். பற்றரியின் ஒரு மூலையில் இருந்த பிளாஸ்ரிக் மூடி, வயரின் கவ்வியால் பாதி தள்ளியபடி கிடந்தது. அதை முழுக்கத் தூக்கினார். “இதென்ன சிவப்பா? துருவோ?”

நான் எட்டிப் பார்த்தேன்.

“துரு இல்லை தம்பி. குங்குமம்.”

அவர் சிரித்துவிட்டார். “ஜேர்மனியில நான் இப்பிடி ஒண்டு கண்டதில்லை” என்று தொடங்கியவர், யார் வைத்தது என்று நினைவுக்கு வந்ததும் சட்டென்று நிறுத்தினார்.

குமிழும் இல்லை, வளையமும் இல்லை. அந்த இடத்தில் ஒரு சின்னப் புற்று எழும்பியிருந்தது. மேலே நான் வைத்த சந்தனம், காய்ந்த சீமெந்து மாதிரி, என் விரல் அடையாளத்தோடு. அதன் ஓரத்தால் நீலமும் வெள்ளையுமாகப் பூத்த உப்பு. வெடித்திருந்த இடத்தால் உள்ளே பார்த்தால் அவள் வைத்தவை, ஒன்றின்மேல் ஒன்றாக, மெல்லிய வட்டங்களாக. அடியில் இருந்தவை கறுத்துப்போயிருந்தன. எல்லாமாகச் சேர்ந்து குமிழுக்கும் வளையத்துக்கும் இடையில் இறங்கி இறுகியிருந்தது. மற்றக் குமிழும் அப்படித்தான்.

“இதுக்குள்ளால கறண்ட் போகேலாமல் நிக்குது அண்ணை. லைட் எரியக் கொஞ்சம் போதும். எஞ்சினைச் சுத்தக் கனக்க வேணும். அதுதான் ‘டிக்’ எண்டிட்டு நிக்குது. நான் கொழுவின வயரும் இந்த மண்ணுக்கு மேலதான் நிண்டிருக்கு.” அவருக்கு வெட்கம். ஸ்ராட்டர் என்று சேற்றில் புரண்டு எழும்பியிருந்தார். “இதைத் துடைச்சா எடுக்கும்.”

“துடையும் தம்பி, கெதியா.”

அவர் ஸ்பனரை எடுத்தார். எடுத்தவர் குனியவில்லை. ஸ்பனரை என் கையில் வைத்துவிட்டு ஒரு அடி பின்னுக்குப் போனார்.

“நான் மாட்டன் அண்ணை. அக்கா வைச்ச பொட்டு. நீங்களே செய்யுங்கோ.”

எனக்குக் கோபம் வந்தது. ஜேர்மனியில் இத்தனை வருடம் இருந்தும் புத்தி வரவில்லையா என்று கேட்கப் பார்த்தேன். ஆனால் என் கையும் போகவில்லை. பொட்டை அழிக்கிறது என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்கு ஒருவரும் சொல்லித்தரவேண்டியதில்லை. அது எந்த வீட்டில், எந்தக் கட்டத்தில் நடக்கிற காரியம் என்று எல்லோருக்கும் தெரியும். இது நெற்றியில்லை, பற்றரி என்று எனக்குள்ளே சொன்னேன். கடையில் வாங்குகிற ஒரு சாமான். இதற்கும் அவளுடைய மூச்சுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை என்று நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் நான் பயந்தேன். வாழ்நாள் முழுக்க இதையெல்லாம் பகிடி பண்ணிய மனுசன், நடுத்தெருவில் ஸ்பனரோடு நின்றேன்.

“சுடுதண்ணியும் அப்பச்சோடாவும் வேணும் அண்ணை” என்றார் அவர். நல்லதாகப் போயிற்று என்று வீட்டுக்குள் ஓடினேன். கேத்திலைப் போட்டுவிட்டு அப்பச்சோடாவைத் தேடினேன். அவளுடைய குசினியில் எது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. போன் எடுத்துக் கேட்டால் உடனே சொல்லுவாள். ஆனால் எதற்கென்றும் கேட்பாள். ஒவ்வொரு போத்தலாகத் திறந்து மணந்து, கடைசியில் அலுமாரியின் பின்பக்கத்தில் கண்டுபிடித்தேன். பழைய பல் பிரஷ் ஒன்றையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

முதலில் நான் வைத்ததைச் சுரண்டினேன். அது கட்டியாகக் கழன்று வந்தது. அதில் எனக்கு ஒன்றும் இல்லை. பிறகு ஸ்பனரால் வளையங்களைத் தளர்த்திக் கழற்றிவிட்டு அவளுடையது. அப்பச்சோடாவைத் தூவிச் சுடுதண்ணீரை ஊற்றியதும் ‘ஸ்ஸ்’ என்று நுரைத்தது. நுரை முதலில் மஞ்சளாகவும் பிறகு சிவப்பாகவும் வழிந்தது. பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க வட்டம் வட்டமாகக் கரைந்தது. கிளினிக்குக்குப் போன வெள்ளிகள், ஸ்கேனுக்குப் போன வெள்ளிகள், நல்ல செய்தி என்று சிரித்துக்கொண்டு வந்த ஒரேயொரு வெள்ளி, எல்லாம் காருக்குக் கீழே வழிந்து, ரோட்டோரத் தண்ணீரோடு கலந்து ஓடின. “மன்னிச்சுக்கொள்ளும்” என்று சொன்னேன். தம்பிக்குக் கேட்டிருக்கும். அவர் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு கேத்திலைப் பிடித்திருந்தார்.

குமிழ்கள் வெறும் ஈயமாக மினுங்கின. துடைத்து, வளையங்களைக் கொழுவி இறுக்கினோம். ஏறித் திறப்பைத் திருப்பினேன். கார் முனகி, இழுத்து, பிடித்துக்கொண்டது. தம்பி கைதட்டினார். எனக்குச் சந்தோசம் வரவில்லை. நேரத்தைப் பார்த்தேன்.

“இனி நிப்பாட்டாதைங்கோ அண்ணை. அடிச்சு அடிச்சுப் பற்றரி நல்லா இறங்கிப்போட்டுது. நிப்பாட்டினா திருப்பி எடுக்குமோ தெரியாது. நானும் வாறன். நீங்கள் மேல போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் ஓடவிட்டபடி கீழ இருக்கிறன்.”

சேற்று முதுகோடு அவர் பின்சீற்றில் ஏறினார். முன்சீற் அவளுடையது என்று அவருக்கும் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு வார்த்தை ஜேர்மனியைப் பற்றிப் பேசவில்லை. சிவப்பு லைட்டுகளில் நின்றபோதெல்லாம் எஞ்சின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். வாசலில் ஆட்களை ஏற்றி இறக்குகிற இடத்தில் விட்டு, அவரை ஸ்ரியறிங்கில் இருத்திவிட்டு, நான் மேலே ஓடினேன்.

வார்டு வாசலிலேயே தாதி என்னை மறித்தார். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. இரத்தத்தில் ஒக்சிஜன் இறங்கிவிட்டதாம். கூட்டிப் பார்த்தும் ஏறவில்லையாம். இப்படி அனுப்ப ஏலாது, பெரிய டொக்டர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார், திங்கட்கிழமை திரும்பப் பார்ப்போம் என்றார். திங்கட்கிழமை என்று சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எப்போது இறங்கத் தொடங்கியது என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. நான் திறப்பைத் திருப்பித் திருப்பி நின்ற நேரமாக இருந்தால், பிந்தியதால் அவள் வீட்டுக்கு வரவில்லை. நான் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்த நேரமாக இருந்தால், அதை நான் நினைக்கவே விரும்பவில்லை. இன்றுவரை எனக்கு அந்த நேரம் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். நாவல் நிறச் சீலை. தலை இழுத்துக் கட்டியிருந்தது. போர்வைக்கு வெளியே சப்பாத்துகள் தெரிந்தன. ஒருவரும் அவற்றைக் கழற்றவில்லை. பக்கத்தில் கைப்பை, மருந்துப் பை, மடித்த கோட், எல்லாம் வெளிக்கிட ஆயத்தமாக. என்னைக் கண்டதும் கையை நீட்டினாள். பிடித்தேன். என் விரலைத் திருப்பிப் பார்த்தாள். நகங்களுக்குள் சிவப்பும் மஞ்சளும் அடைந்திருந்தன.

முகமூடியைக் கொஞ்சம் தூக்கினாள். “இண்டைக்கும் வைச்சனீங்களோ?”

“ஓம்” என்றேன்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. அந்த நகத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். நான் சொன்ன பொய்களிலேயே என்னை இன்னும் விடாத பொய் அது. மாற்றிச் சொல்லச் சந்தர்ப்பமும் கிடைக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கு அவள் இல்லை.

“கார் வந்துதானே. நான் சொன்னனான்” என்றாள். பிறகு, “ஆர் கீழ?”

“எங்கட ஜேர்மன் தம்பி. காரை ஓடவிட்டபடி இருக்கிறார். நிப்பாட்டினா எடுக்காதெண்டு.”

அவள் யன்னல் பக்கம் திரும்பினாள். அங்கிருந்து வாசல் தெரியாது. மழை மட்டும்தான் தெரியும்.

“பாவம், எவ்வளவு நேரமா இருக்கும் அந்த மனுசன். போய் நிப்பாட்டச் சொல்லுங்கோ” என்றாள்.

கீழே போனேன். படிகளில் இறங்கினேனா, லிப்டில் இறங்கினேனா என்று ஞாபகமில்லை. கார் அதே இடத்தில் நின்றது. ஒரு காவலாளி கண்ணாடியில் தட்டி எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி இரண்டு கையாலும் கும்பிட்டு ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவசரமாக இறங்கி, மற்றப் பக்கம் ஓடி, முன்கதவை அகலத் திறந்து பிடித்தார். சீற்றைப் பின்னுக்குத் தள்ளி, தலையணையைச் சரியாக நிமிர்த்தி வைத்திருந்தார். உள்ளேயிருந்து வெக்கை அடித்தது.

“ஹீற்றரை முழுக்கப் போட்டிருக்கிறன் அண்ணை. ஏறேக்க அக்காவுக்குக் குளிராது. எங்க அவா?”

நான் அவரைத் தாண்டிப் போய், டிரைவர் பக்கத்தால் குனிந்து கையை விட்டேன்.

“ஐயோ, நிப்பாட்டாதைங்கோ அண்ணை! திருப்பி எடுக்காது!” என்று கத்தினார்.

“எடுக்காட்டிப் பரவாயில்லை தம்பி” என்று சொல்லித் திறப்பைத் திருப்பினேன்.